கப்பல் பயணம்: ஏஜெண்ட் மூலமா, நாமே பதிவு செய்வதா?

(பெங்களூரு கிளையின் மூத்த உறுப்பினர்கள் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நீங்கள் கப்பலில் போய் வந்தவராச்சே, ஏஜெண்டிடம் கொடுப்பது நல்லதா, கம்ப்யூட்டரில் நாமே போட்டுக்கொள்வது நல்லதா?" நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் செயலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

நான் பௌதிகம் படித்தவன். சர்க்கார் உத்தியோகம் முழுவதும் எடையளவுத் துறையில். கே.ஆர். மார்க்கெட்டில் தராசு சோதனை செய்தே தலை நரைத்தவன். விலை என்ன என்று நாங்கள் கேட்க மாட்டோம். சொன்ன எடை தட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். கப்பல் டிக்கெட்டிலும் அதே பார்வைதான் உதவும் என்பது என் அனுபவம். அந்த அனுபவத்துக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

நம் பெரியவர்கள் கடல் தாண்டுவதையே தோஷம் என்றார்கள். போதாயன தர்ம சூத்திரத்தில் கடல் பயணம் தவறுகளின் வரிசையில் வருகிறது. கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து 'நெவாஸா' என்ற கப்பலில் புறப்பட்டபோது, அது எவ்வளவு பெரிய மனப் போராட்டத்துக்குப் பிறகு எடுத்த முடிவு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் கவலை அவருக்கு இல்லை. பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளத்தோடு பயணச் செலவையும் கொடுத்தது. ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கியபோது கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் நெவில் நேரில் வந்து அழைத்துப் போனார். நமக்கு நெவில் இல்லை. அந்த இடத்துக்குத்தான் ஏஜெண்ட் வருகிறார்.

இந்தத் தொழிலின் மூல புருஷர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப் போனார். மதுவிலக்குக் கூட்டத்துக்கு! 1886-ல் இங்கிருந்து ஹஜ் யாத்திரை போகிறவர்களின் ஏற்பாட்டையே அவரது கம்பெனியிடம் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் ஒப்படைத்தது. அப்படி வளர்ந்த இங்கிலாந்து கம்பெனி 2019 செப்டம்பர் 23 அன்று ஒரே ராத்திரியில் மூடிக்கொண்டது. வெளிநாடுகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அந்நாட்டு அரசு விமானங்களை அமர்த்தி அழைத்து வந்தது. (இந்தியாவில் அதே பெயரில் உள்ள கம்பெனி வேறு உரிமையாளருடையது. அதற்குப் பாதிப்பில்லை.) அங்கே சுற்றுலாப் பயணிகளின் பணத்துக்குச் சட்டப்படி ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறது. அதைப் போன்ற ஏற்பாடு நமக்கு இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் டூர் ஆபரேட்டர்களுக்கு அங்கீகாரம் தருவது உண்டு, ஆனால் அது அவரவர் விரும்பினால் பெற்றுக்கொள்வது. ஆகவே நம் பணத்துக்கு நாம்தான் காவல்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2017 டிசம்பரில் என் சகதர்மிணியும் நானும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பலில் போனோம். மல்லேஸ்வரத்தில் ஒரு ஏஜெண்ட் விமானம் நீங்கலாக இருவருக்கும் ரூ. 98,000 சொன்னார். கம்பெனியின் வெப்சைட்டிலோ ரூ. 84,000! "பதினாலாயிரம் ரூபாய் கமிஷனா?" என்று எனக்குக் கோபம் வந்தது. நானே உட்கார்ந்து, கார்டு நம்பரைப் போட்டு, பதிவு செய்துவிட்டேன். ஒரு வாரம் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும், பழைய உத்தியோக வழக்கம் விடவில்லை, கணக்கு எழுதினேன். கப்பலில் சிப்பந்திகளுக்கான அன்பளிப்பு என்று தலைக்கு, நாளுக்கு இத்தனை டாலர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது ரூ. 7,000. இன்ஷூரன்ஸ் ரூ. 3,800. சிங்கப்பூரில் விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் டாக்ஸி ரூ. 2,200. அயல்நாட்டுச் செலாவணியில் கட்டியதற்குக் கார்டு கம்பெனி மூன்றரை சதவீதம் பிடித்தது, ரூ. 2,940. மொத்தம் ரூ. 99,940. ஏஜெண்ட் சொன்ன 98,000-ல் அன்பளிப்பு, இன்ஷூரன்ஸ், டாக்ஸி எல்லாம் சேர்ந்தே இருந்தன! நான் மிச்சம் பிடித்தது மைனஸ் ரூ. 1,940. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பணம் போகட்டும். புக்கெட்டில் பெரிய கப்பல் கரையோரம் கட்டவில்லை. கடலில் நங்கூரம் போட்டு நின்றுகொண்டு, டெண்டர் என்கிற சின்னப் படகில் பயணிகளை இறக்கினார்கள். படகு அலையில் ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. சரியான கணத்தில் கால் எடுத்து வைக்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். படகைப் பார்த்ததுமே, "ஏன்னா, என்னால முடியாது. நான் கப்பல்லயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்கோ" என்றாள். நானும் போனேன். நாலு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அதை இன்று உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சில் அதுதான் முக்கியமான தகவல் என்பதால் சொல்கிறேன். அந்தத் துறைமுகத்தில் டெண்டர் படகு என்று வெப்சைட்டிலேயே போட்டிருந்தது. நான் விலையைப் படித்தேனே தவிர அதைப் படிக்கவில்லை. "மாமிக்கு நடக்க முடியுமா?" என்று ஒரு நல்ல ஏஜெண்ட் கேட்டிருப்பார். கம்ப்யூட்டர் கேட்காது.

கமிஷன் விஷயத்தையும் சரியாகப் புரிந்துகொள்வோம். ஏஜெண்டுக்குக் கப்பல் கம்பெனிதான், அடிப்படைக் கட்டணத்தில் ஒரு சதவீதம் என்று கமிஷன் தருகிறது. துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் கமிஷன் கிடையாது. நாம் நேரே பதிவு செய்தால் அந்தக் கமிஷனை நமக்குக் கழித்துத் தருவதில்லை. பெரும்பாலும் இரண்டு இடத்திலும் அதே கட்டணம்தான். சில ஏஜெண்டுகள் தங்கள் கமிஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், சிலர் அதற்கு மேல் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். ஆகவே எது மலிவு என்ற கேள்வியில் பெரிய சாரம் இல்லை. ஏதாவது தகராறு வந்தால் பணம் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2020.

எங்கள் கல்யாணமான நாற்பத்தைந்தாவது வருஷம் அது. சியாட்டிலில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். அங்கிருந்து அலாஸ்கா கப்பல், மே மாதம். இந்த முறை புத்தி வந்து, எங்கள் பேட்டையில் இருபது வருஷமாக ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். நன்றாகச் செய்தார். மனைவிக்கு வீல்சேர் சொன்னார், டெண்டர் இல்லாத துறைமுகங்களாகப் பார்த்தார், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் அறை போட்டார். (இதில் பௌதிகம் உண்டு. சீ-சா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு, நுனியில் இருப்பவருக்கு அதிகம். கப்பலும் அப்படியே. தலைசுற்றல் உள்ளவர்கள் நடுவே, தாழ்வான தளத்தில் அறை கேளுங்கள்.) ரூ. 3,80,000. இரண்டு செக்காக அவர் கம்பெனி பெயரில் கொடுத்தேன்.

பிப்ரவரியில் யோகோஹாமாவில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் நின்ற செய்தியை எல்லோரும் பார்த்தோம். அதில் 3,711 பேர், எழுநூறு பேருக்கு மேல் கொரோனா. மார்ச்சில் உலகம் முழுவதும் கப்பல்கள் நின்றன. கனடா தன் துறைமுகங்களைப் பெரிய கப்பல்களுக்கு மூடியது. அலாஸ்கா கப்பல்கள் அந்தப் பருவத்தில் ஓடவில்லை.

கப்பல் கம்பெனி நியாயமாகவே நடந்துகொண்டது. முழுப் பணம் திரும்ப வேண்டுமா, அல்லது அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கட்டுமா என்று கேட்டது. பணம் வேண்டும் என்று எழுதினேன். "பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்பும், உங்கள் ஏஜெண்டைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பேட்டை ஏஜெண்ட் நேரே கம்பெனியிடம் பதிவு செய்யவில்லை. மும்பையில் ஒரு மொத்த ஏஜெண்டிடம் கொடுத்திருந்தார். என் பணம் மூன்று கை மாறிப் போயிருந்தது, அதே மூன்று கை மாறித் திரும்ப வேண்டும். இன்னொரு விஷயம், ஏஜெண்ட் மூலம் பதிவு செய்தால் அந்தப் பதிவு அவர் பொறுப்பில் இருக்கிறது. நாம் கம்பெனிக்குப் போன் செய்தாலும் ஒன்றையும் மாற்ற மாட்டார்கள்.

அவர் திருடர் இல்லை. ஆபீஸுக்கு வாடகை கொடுக்க முடியாமல் கதவை மூடியிருந்தார். "ஸார், மும்பையில் நிற்கிறது, வந்ததும் தருகிறேன்" என்றார். நான் கோபமாகப் பேசினேன். என் மனைவி, "பணம் வரும்போது வரட்டும். கப்பல் எங்கயும் ஓடிப் போயிடாது. அடுத்த வருஷம் போவோம்" என்றாள். 2021 ஜனவரியில் ஒன்றரை லட்சம் வந்தது. மே மாதம், இரண்டாவது அலையில், அவள் போய்விட்டாள்.

மீதி 2,30,000-ஐ அவர் ஐந்து தவணையாக, 2022 ஆகஸ்டுக்குள் கொடுத்து முடித்தார். கடைசித் தவணையை வீட்டுக்கே கொண்டுவந்தார். அவளுடைய படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். இருவருமே ஒன்றும் பேசவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பணத்தை என் கார்டிலிருந்து நேரே கப்பல் கம்பெனிக்குக் கட்டியிருந்தால் என் கார்டுக்கே திரும்பியிருக்கும். அவளுடைய கடைசி வருஷத்தில் அந்தப் பணத்தைப் பற்றி வீட்டில் நான் போட்ட கூச்சல் அத்தனையும் மிச்சமாகியிருக்கும்.

விமான டிக்கெட்டுகளுக்கு அந்த நாளிலேயே ஒரு வழி பிறந்தது. ஊரடங்கில் ரத்தான பயணங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஏஜெண்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால், விமானக் கம்பெனி திருப்பும் பணத்தை ஏஜெண்ட் உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். அது விமானத்துக்கு. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியோடு நாம் செய்துகொள்வது தனி ஒப்பந்தம்.

"அப்படியானால் நேரே கட்டுவதே சரிதானே?" என்பீர்கள். அதுவும் முழுப் பாதுகாப்பில்லை. 2019 ஏப்ரலில் மும்பையிலிருந்து 'கர்ணிகா' கப்பலோடு தொடங்கிய ஜலேஷ் குரூஸஸ், 2020 அக்டோபரில் தொழிலையே நிறுத்தியது. கப்பல் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போனது. கம்பெனியே இல்லையென்றால் நேரே என்ன, சுற்றி என்ன? அதனால்தான் கார்டில் கட்டுங்கள் என்கிறேன். பணம் கட்டிய சேவை கிடைக்கவில்லை என்றால் கார்டு வழங்கிய வங்கியிடம் உரிய காலத்துக்குள் ஆட்சேபம் எழுப்ப முடியும். செக்குக்கும் ரொக்கத்துக்கும் அந்த வசதி இல்லை.

2023-ல் சென்னை மாம்பலத்தில் இருக்கும் என் அக்கா, அவளுக்கு அப்போது 78, "கடலைக் கரையிலிருந்து பார்த்தாச்சு, ஒரு தரம் நடுவிலிருந்து பார்க்கணும்டா" என்றாள். சென்னையிலிருந்து இலங்கைக்குக் கார்டேலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2023 ஜூனில் தொடங்கியிருந்தது. 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கிய கப்பல் அது. 2023 ஜூனிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் போனது. நான் அதே பேட்டை ஏஜெண்டிடமே போனேன். கடைசித் தவணை வரை கொடுத்த மனிதரைவிட நம்பகமானவர் வேறு யார்? ஒரே நிபந்தனை போட்டேன். "ஏற்பாடு எல்லாம் நீங்கள். பணம் மட்டும் என் கார்டிலிருந்து நேரே கம்பெனிக்கு." அவர் சிரித்துக்கொண்டே, "இப்போ எல்லாருக்கும் அப்படித்தான் ஸார் செய்றேன்" என்றார்.

அங்கே தனியாக இருப்பவர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கப்பல் கட்டணம் 'அறைக்கு இருவர்' என்ற கணக்கில் சொல்லப்படுவது. ஒருவர் மட்டும் போனால் பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் வரை கேட்கிறார்கள். துணையை இழந்தவருக்கு அது இரண்டாவது அபராதம் மாதிரி. அக்காவும் நானும் ஒரே அறையில், கட்டில்களைத் தனித்தனியாகப் போடச் சொல்லி, சிறு வயதில் ஸ்ரீரங்கத்து வீட்டில் படுத்துக்கொண்டது போலப் படுத்துக்கொண்டோம். நம் சங்கத்தில் தனியாக இருக்கும் மாமாக்களும் மாமிகளும் நிறைய. அண்ணன் தங்கை, ஓரகத்திகள், பள்ளித் தோழிகள் என்று ஜோடி சேர்ந்து போங்கள்.

சுருக்கமாக, என் சோதனைப் பட்டியலைச் சொல்லி முடிக்கிறேன். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

1. இரண்டு விலையையும் ஒரே தட்டில் வையுங்கள். அடிப்படைக் கட்டணம், துறைமுகக் கட்டணம், அன்பளிப்பு, ஜி.எஸ்.டி., விசா, இன்ஷூரன்ஸ், கரையில் சுற்றிப் பார்ப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 2020 அக்டோபரிலிருந்து டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தமும் உண்டு. அதன் விகிதம் அவ்வப்போது மாறுவதால் கட்டும் நாளில் கேளுங்கள். அது செலவல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரி ரிடர்னில் ஈடு செய்யலாம், இல்லையேல் திரும்பப் பெறலாம். நம்மில் பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

2. பணம் கட்டியதும் கப்பல் கம்பெனியின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டின் ரசீது எண் போதாது. கம்பெனி வெப்சைட்டில் அந்த எண்ணைப் போட்டு உங்கள் பெயர் வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

3. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் இனிஷியல் விவகாரம் உலகத்துக்குப் புரியாது. வேங்கடராமன் என்பது அப்பா பெயரா, உங்கள் பெயரா என்பதைப் பாஸ்போர்ட் எப்படிச் சொல்கிறதோ அப்படியே டிக்கெட்டும் சொல்லட்டும்.

4. விசா. கப்பல் ஒரு நாட்டிலிருந்து புறப்பட்டு வேறு நாடு போய்த் திரும்பினால் அது மறுபடி நுழைவதாகக் கணக்கு. ஒரு முறை நுழைவு விசா போதாது. அலாஸ்கா கப்பல்களில் பல வான்கூவரிலிருந்து புறப்படுகின்றன. அதற்குக் கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் வேண்டும்.

5. பெங்களூருக்குக் கடல் இல்லை. சென்னை, மும்பை, கொச்சி உறுப்பினர்கள் அதிர்ஷ்டசாலிகள். நாம் முதல் நாளே துறைமுக ஊருக்குப் போய்விட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளியில் விடியற்காலைப் பனிமூட்டத்தால் விமானம் தாமதமாகலாம். கப்பல் காத்திருக்காது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில் என்று போன போட் மெயில் காலம் 1964 புயலோடு போயிற்று. விமானத்தையும் கப்பலையும் தனித்தனியாக வாங்கினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நம் பொறுப்பு.

6. ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள், கம்பெனியே ரத்து செய்தால் என்ன, வழி மாறினால் என்ன என்று படியுங்கள். 2022 ஜூனில் புதுச்சேரிக்கு வந்த உல்லாசக் கப்பலுக்கு அங்கே அரசு அனுமதி கொடுக்காததால் பயணிகளை இறக்காமலே திரும்பியது. துறைமுகத்தை மாற்ற, விட்டுவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள்.

7. இன்ஷூரன்ஸில் ரத்த அழுத்தம், சர்க்கரை எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் கிளெய்ம் கிடைக்காது. கப்பலில் டாக்டர் உண்டு, பில் பெரும்பாலும் டாலரில்.

8. முழங்கால், வீல்சேர், டெண்டர் படகு, இந்த மூன்றையும் பணம் கட்டும் முன் கேளுங்கள். வீல்சேர் நுழையும் அறைகள் எந்தக் கப்பலிலும் கொஞ்சம்தான்.

9. தகராறு வந்தால் மனம் தளர வேண்டாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு வருஷம். 1915 என்ற எண்ணில் முதலில் யோசனை கேட்கலாம்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். உடம்பு திடமாக இருந்து, நம் கடற்கரையோரமே இரண்டு மூன்று நாள் போகிறீர்கள் என்றால் தாராளமாக நீங்களே பதிவு செய்யுங்கள். விசா, விமானம், வீல்சேர், எழுபத்தைந்து வயது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நல்ல ஏஜெண்டிடம் போங்கள். மெனக்கெட்டுக் கேள்வி கேட்பவரே நல்ல ஏஜெண்ட். எந்த வழியானாலும் பணம் நேரே கப்பல் கம்பெனிக்குப் போகட்டும்.

இன்னும் ஒன்று. கூட வருகிறவர் படகில் இறங்க முடியாமல் கப்பலிலேயே உட்கார்ந்தால், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். புக்கெட் எங்கேயும் ஓடிப் போய்விடாது.